வேலுவின் பெட்டியில் இருந்த கஞ்சிரா

பெயர்: விஸ்வநாதன் த/பெ முருகப்பன். வயது: 73. தொழில்: ஓய்வு பெற்றவர், முன்பு பட்டர்வொர்த்தில் ஒரு சுங்க அனுமதி முகவர் நிறுவனத்தில் தலைமை எழுத்தர். முகவரி: கெலுகோர், பினாங்கு, மகளுடன் வசிப்பவர். நாள்: 18.6.2025, புதன்கிழமை. இடம்: வனவிலங்குத் துறை அலுவலகம், ஜார்ஜ்டவுன். பதிவு செய்பவர்: அதிகாரி புவான் (திருமதி) ரோஹானா. மொழிபெயர்ப்பாளர்: திருமதி சந்திரிகா.

எனக்கு மலாய் பேசவும் எழுதவும் தெரியும். ஆனால் பயம் வந்தால் மலாய்ச் சொற்கள் முன்பின்னாக வருகின்றன. ஆகவே தமிழில் சொல்ல அனுமதி கேட்டேன், கொடுக்கப்பட்டது. நான் பேசாமல் இருக்கலாம் என்றும், பேசினால் அது எனக்கு எதிராகவே எடுத்துக்கொள்ளப்படலாம் என்றும் எனக்கு விளக்கப்பட்டது. வழக்கறிஞர் வேண்டுமா என்று கேட்டார்கள். என் மகளே வழக்கறிஞர்தான் என்றும், அவள் இங்கே வர வேண்டாம் என்றும் சொன்னேன்.

சுங்கை பினாங்கைச் சேர்ந்த வேலு என்பவர் பினாங்கிலிருந்து ஹாட்யாய்க்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுநர். உடும்புத் தோல் போர்த்திய ஒரு கஞ்சிராவை அனுமதியில்லாமல் தாய்லாந்திலிருந்து கொண்டுவந்ததாக அவர் ஞாயிற்றுக்கிழமை முதல் லோக்கப்பில் இருக்கிறார். நாளை காலை நீதிமன்றத்தில் அவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறார். அந்தக் கஞ்சிரா அவருடையது அல்ல. என்னுடையது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

கஞ்சிரா என்பது ஒரு பக்கம் மட்டும் தோல் போர்த்திய, கையடக்கமான வட்ட வாத்தியம். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வட்டாரத்தில் நடக்கும் பஜனையில் நான் அதை வாசித்து வருகிறேன். பெரிய வித்வான் என்று யாரும் என்னைச் சொன்னதில்லை. என்னிடம் இருந்தது ஆட்டுத் தோல் போட்டது. அதில் ஆழமான ஒலி வராது. அங்கே மிருதங்கம் வாசிக்கும் மோகனராஜ் ஒருநாள் எல்லோரும் இருக்கும்போது, "செட்டியாரே, உங்க கஞ்சிராவுக்குள்ள பிஸ்கட் ஏதும் மிச்சம் இருக்கா? டின்னு சத்தம்தான் கேக்குது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதில் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னது சரிதான் என்பதால் அது மனத்தில் தங்கிவிட்டது.

அதன் பிறகு ஹாட்யாயில் துணிக்கடை வைத்திருக்கும் முத்துக்குமார் என்பவர், காலமான தம் மாமாவின் உடும்புத் தோல் கஞ்சிராவை விற்கப்போவதாக எனக்குத் தெரியவந்தது. அவர் அதைத் தட்டிக் காட்டும் வீடியோவைக் கைத்தொலைபேசியில் அனுப்பினார். அவருக்கு வாசிக்கத் தெரியவில்லை. இருந்தும் அந்த ஒலி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாங்கிக்கொள்வதாகச் சொன்னேன்.

உடும்பு பாதுகாக்கப்பட்ட விலங்கு என்பதும், அதன் தோலை எல்லை கடந்து கொண்டுவர அனுமதி தேவை என்பதும் எனக்குத் தெரியுமா என்று அதிகாரி கேட்டார். தெரியும். வேலையில் இருந்த காலத்தில் முதலைத் தோல் பைகளுக்கான அனுமதி ஆவணங்களை நானே தயாரித்திருக்கிறேன். ஆனாலும் வாத்தியம் வேறு, விலங்கு வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை முழுவதும் நம்பினேனா என்று இப்போது சொல்ல முடியவில்லை. தெரிந்தே செய்தேன் என்று எழுதிக்கொள்ளலாம்.

சனிக்கிழமை வேலுவின் வேனில் ஹாட்யாய்க்குப் போனேன். எதற்காகப் போகிறேன் என்று மகளிடம் சொல்லவில்லை, கோயிலுக்குத் துணி வாங்கப் போவதாகச் சொன்னேன். மறுநாள் காலை முத்துக்குமாரின் கடைக்குப் போனேன். கடையின் பின்பக்கம் என்னை உட்கார வைத்து, கஞ்சிராவையும் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். உடும்புத் தோல் உலர்ந்திருக்கும்போது இறுகிப்போய்க் கீச்சென்று ஒலிக்கும். தோலின் உட்புறத்தில் விரலால் சில துளி தண்ணீர் தடவி, அது ஊறும்வரை பொறுத்திருக்க வேண்டும். அப்போதுதான் தோல் தளர்ந்து கீழ்ச்சுருதிக்கு வரும். நான் அவ்வாறே செய்து, ஆதி தாளத்தில் சிறிது நேரம் வாசித்தேன். முன்பக்கம் துணி வெட்டிக்கொண்டிருந்த தாய்லாந்துப் பெண் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நான் எழுநூறு மலேசிய வெள்ளி கொடுத்தேன். விலை பேசவில்லை.

புறப்படும்போது முத்துக்குமார் என்னைத் தனியே அழைத்து, "ஐயா, இது உடும்புத் தோலுன்னு எங்கயும் சொல்லிக்காதீங்க. இந்தியாவுலயே இப்ப இதுக்கு உள்ள போட்டுருவாங்க. யாரு கேட்டாலும் ஆட்டுத் தோலுன்னு சொல்லிடுங்க" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

அதன் பிறகு பகலில் வேலுவின் வேனில் திரும்பினேன். என்னைத் தவிர பாகான் டாலாமைச் சேர்ந்த ஒரு கணவன் மனைவியும் இருந்தார்கள். எல்லைக்கு முன்னால் வண்டிகளின் வரிசை நீண்டிருந்தது. என் பை வேனின் பின்பக்கம் இருந்தது. பின்கண்ணாடி வழியாக வெயில் நேராக அதன் மேல் விழுந்தது. உடும்புத் தோல் மெல்லியது. அந்தச் சூட்டில் இன்னும் இறுகி வெடித்துவிட்டால் பிறகு சரிசெய்ய வழியில்லை. எனக்கு அந்த ஒரு நினைப்புதான் இருந்தது. வேலு தம் இருக்கைக்குக் கீழே ஐஸ் போட்ட ஒரு பெட்டி வைத்திருந்தார். என் வாத்தியத்தை அதில் வைக்கலாமா என்று கேட்டேன். "வைங்க ஐயா. உள்ள என் சோத்துப் பொட்டலம்தான் இருக்கு. அதுவும் கொஞ்சம் பஜனை கேக்கட்டும்லா" என்றார். நான் கஞ்சிராவை ஒரு வேட்டித் துணியில் சுற்றி, அதற்கு மேல் ஈரத் துண்டு ஒன்றைச் சுற்றி, பொட்டலத்துக்கு அடியில் வைத்தேன். பெட்டி நீல நிறம் என்று நேற்று இங்கே வந்தபோது சொல்லியிருந்தேன். பச்சையாகவும் இருக்கலாம்.

அதை மறைப்பதற்காக அடியில் வைத்தீர்களா என்று அதிகாரி கேட்டார். ஐஸ் அடியில்தான் இருந்தது. அதற்காகவே அங்கே வைத்தேன். மறைக்கும் எண்ணமும் இருந்ததா என்று மூன்று நாட்களாக யோசிக்கிறேன். என்னால் உறுதியாக மறுக்க முடியவில்லை. அது என்ன தோல் என்று வேலு கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வேலுவுக்குத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எல்லையில் பயணிகள் கடப்பிதழில் முத்திரை வாங்க மட்டும் இறங்கினால் போதும். சாமான்களைப் பற்றி அதிகாரிகள் கேட்டால், வேனில் உள்ளதெல்லாம் தம்முடையது என்று அவரே முன்வந்து பதில் சொல்லிவிடுவார். பெரும்பாலும் உணவும் துணியும்தான் என்பதால் தொல்லை வந்ததில்லை. வயதானவர்கள் வெயிலில் நின்று பையைத் திறந்து காட்ட வேண்டியதில்லை என்பதற்காகவே பலர் அவருடைய வேனைத் தேடிப் போவார்கள். நானும் அதற்காகத்தான் போனேன். அன்றும் எல்லையில் அப்படியே சொன்னார். விட்டுவிட்டார்கள்.

அதன் பிறகு பட்டர்வொர்த்தைக் கடந்து, பினாங்குப் பாலத்துக்கு வரும் சாலையில் போலீஸ் தடுப்புப் போட்டிருந்தார்கள். பறவைகள் கடத்தப்படுவதாகத் தகவல் வந்திருந்ததால் வனவிலங்குத் துறையினரும் அங்கே நின்றார்கள். எங்களை இறங்கச் சொல்லவில்லை. புவான் ரோஹானா வேலுவின் கதவைத் திறந்து அந்தப் பெட்டியை வெளியே எடுத்தார். சோற்றுப் பொட்டலத்தை எடுத்து ஓரமாக வைத்தார். ஈரத் துண்டைப் பிரித்தார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு, தோலின் மேல் ஒரு விரலை வைத்து மெதுவாகத் தடவிப் பார்த்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் இரண்டாவது வரிசையில், அவருக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்தேன்.

இது யாருடையது என்று அவர் மலாயில் கேட்டார். வேலு, எல்லையில் சொன்னது போலவே, தம்முடையது என்றார். என்ன தோல் என்று கேட்டார். ஆட்டுத் தோல் என்று வேலு சிரித்துக்கொண்டே சொன்னார். அவருக்கு வேறு எதுவும் தெரியாது. ஆட்டுத் தோல் அல்ல, உடும்பு என்று புவான் ரோஹானா சொன்னதும் வேலுவின் சிரிப்பு நின்றது. அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் என் முழங்காலைப் பார்த்துக்கொண்டேன். அதிகாரி மீண்டும் ஒருமுறை, இது உண்மையில் யாருடையது என்று கேட்டார். வேலு உடனே பதில் சொல்லவில்லை. அதற்குள் நான் பேசியிருக்கலாம். பேசவில்லை. தம்முடையதுதான் என்று வேலு இரண்டாம் முறையும் சொன்னார். முதல் முறை அவர் வழக்கத்துக்காகச் சொன்னது. இரண்டாம் முறை சொன்னது எனக்காக. இந்த வேறுபாட்டை அப்படியே பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அவரை இறக்கி அழைத்துப் போகும்போது வேன் ஓரமாக ஒரு நொடி நின்று, தமிழில், "நீங்க பேசாம வீட்டுக்குப் போங்க ஐயா. என் வேன்ல ஏறின ஆள நடுவழியில நான் எறக்கி விட்டதே இல்ல. சம்மன் போடுவாங்க, கட்டிட்டு வந்துடுறேன்" என்றார். அது வெறும் அபராதத்தோடு முடியும் என்று அவர் நினைத்தார். முடியாது என்று எனக்குத் தெரியும். நீங்கள் பயணிதானே என்று ஒரு போலீஸ்காரர் என்னிடம் கேட்டார். ஆம் என்று தலையாட்டினேன். அடையாள அட்டை எண்ணைக் குறித்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். பாகான் டாலாம் கணவன் மனைவியின் மகன் வந்து என்னையும் வீட்டில் கொண்டுபோய் விட்டார்.

அன்று மாலை மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. வேலுவுக்குத் தானே வழக்கறிஞராக நிற்பதாகச் சொன்னாள். "நான் பாத்துக்கிறேன் அப்பச்சி. நீங்க மட்டும் வாயத் தொறக்காதீங்க" என்றாள். அவரை ஜாமீனில் எடுக்கப்போகிறாள் என்று எண்ணினேன். திங்கட்கிழமை அவள் லோக்கப்புக்குப் போய் வந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, எல்லாம் சரியாகப் போகிறது என்றாள். நான் அன்று முழுவதும் வீட்டிலேயே இருந்தேன். பழைய ஆட்டுத் தோல் கஞ்சிரா கண்ணில் படாமல் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

செவ்வாய்க்கிழமை காலை, மகள் நீதிமன்றம் போன பிறகு, இந்த அலுவலகத்துக்கு வந்து கஞ்சிரா என்னுடையது என்று சொன்னேன். புவான் ரோஹானா நம்பவில்லை. வேலு எழுத்தில் இரண்டு முறை தம்முடையது என்று சொல்லியிருப்பதையும், ஹாட்யாய்ச் சந்தையில் பெயர் தெரியாத ஒருவரிடம் வாங்கியதாகச் சொல்லியிருப்பதையும் எடுத்துக் காட்டினார். ஓட்டுநரின் குடும்பத்தார் ஒரு வயதானவரைப் பேசி அனுப்பியிருப்பதாக அவர் சந்தேகப்பட்டார் என்று நினைக்கிறேன். முத்துக்குமாரின் எண்ணைக் கொடுத்தேன். அழைத்தார்கள், எடுக்கவில்லை. வீடியோவைக் காட்டலாம் என்று தேடினேன். ஞாயிற்றுக்கிழமையே பயத்தில் நானே அதை அழித்திருந்தேன்.

பிறகு அவர் முத்திரையிட்ட பையிலிருந்து கஞ்சிராவை எடுத்து என் முன் வைத்து, உங்களுடையது என்றால் வாசித்துக் காட்டுங்கள் என்றார். கையில் எடுத்தேன். தோல் எலும்பு போல இறுகியிருந்தது. கொஞ்சம் தண்ணீர் தடவினால்தான் வாசிக்க வரும் என்று சொன்னேன். வழக்குச் சான்றுப் பொருளை நனைக்க அனுமதியில்லை என்றார். அது சரியான விதி. என் முன் மேசையில் எனக்காக ஒரு தண்ணீர் போத்தல் வைத்திருந்தார்கள். அதைத் தொடாமல், உலர்ந்த தோலிலேயே வாசித்தேன். தகரத்தைத் தட்டுவது போல இருந்தது. ஒரு தாளக் கட்டைக்கூட முடிக்க முடியவில்லை. அடுத்த மேசையில் இருந்த இளைஞர் தலையைக் குனிந்துகொண்டார். புவான் ரோஹானா மரியாதையாகவே கஞ்சிராவைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். "இது உங்களுடையது என்றே வைத்துக்கொள்வோம், பாக்சிக் (பெரியவரே). சிறைக்குப் போக நேரிடும் என்று இப்போது அந்த ஓட்டுநருக்குத் தெரியும். அப்படியிருந்தும் அவர் ஏன் தம்முடையது என்கிறார்?" பிறகு வீட்டுக்குப் போங்கள் என்றார்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. சுங்கை பினாங்கில் வேலுவின் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ருக்குமணி கதவைத் திறந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை. வேலுவுக்காக உண்மையைச் சொல்லப் போனேன், நம்பவில்லை என்று சொன்னேன். எப்படி நம்புவார்கள் என்று அவர் கேட்டார். திங்கட்கிழமை என் மகள் லோக்கப்பில் வேலுவைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து நேரே அவர்கள் வீட்டுக்கு வந்ததாகச் சொன்னார். அவர் பேசியதை அவருடைய சொற்களிலேயே தருகிறேன். "உங்க மக நல்லவங்கதான் ஐயா. கத்திப் பேசல. அவரே வாங்குனதா சொல்லிடட்டும், முதல் கேஸு, கொறஞ்ச தண்டனையா வாங்கித் தர்றேன், அப்பாவுக்கு இந்த வயசுல உள்ள போனா திரும்பி வரமாட்டாருன்னு சொன்னாங்க. எங்க வீட்டுக்காரரு முன்னாடியே தலையாட்டிட்டாராம். அவருக்கு வேற என்ன தெரியும்?" பிறகு, "உள்ள போறதுக்குச் சரியான வயசு எதுன்னு எனக்குத் தெரியல. நீங்க படிச்சவங்க, சொல்லுங்களேன்" என்றார்.

அவர் உடனே, வியாழக்கிழமை வேலு நீதிமன்றத்துக்குப் போட்டுக்கொள்ள ஒரு சட்டையை இஸ்திரி போட ஆரம்பித்தார்.

அன்று மாலை மகள் வந்ததும், ருக்குமணி சொன்னது உண்மையா என்று கேட்டேன். உண்மை என்றாள். பிறகு, "நான் வக்கீலா போகல அப்பச்சி. மகளாத்தான் போனேன்" என்றாள். "மகளா போயிருந்தா லோக்கப்புக்குள்ள விட்டிருக்க மாட்டாங்களே, ஆத்தா" என்றேன். அவளிடம் நான் இப்படிப் பேசியதில்லை. அவள் சமையலறைக்குள் போய்விட்டுத் திரும்பி வந்தாள். ஒரு குற்றவாளிக்குப் பதிலாக இன்னொருவரைப் பொய் சொல்லும்படி தூண்டியதாக நான் எழுதிக் கொடுத்தால் அவள் இனி வழக்கறிஞராக இருக்க முடியாது என்றும், அவள்மீதே வழக்கு வரும் என்றும் விளக்கினாள். அழாமல், சட்டப் பிரிவுகளோடு, தன்னிடம் வருபவருக்குச் சொல்வது போலச் சொன்னாள். கடைசியில், "எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றாள்.

இன்று காலை நான் எழுந்தபோது சாப்பாட்டு மேசையில் என் இரத்த அழுத்த மாத்திரைகளும், மாற்று உடையும், ஒரு துண்டும் பையில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவளுடைய அறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டலாமா என்று நின்றேன். தட்டவில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி இங்கே வந்தேன்.

ஆகவே அதிகாரி நேற்றுக் கேட்ட கேள்விக்கு என் பதில் இது. வேலு பொய் சொல்வது, என் மகள் அவரைச் சொல்லச் சொன்னதால். அவள் சொல்லச் சொன்னது எனக்காக. நான் வாய் திறந்திருந்தால் அவள் அங்கே போகவே நேர்ந்திருக்காது.

இந்த வாக்குமூலத்தின் பேரில் நான் இப்போதே கைது செய்யப்படலாம் என்று சொல்லப்பட்டது. புரிந்துகொண்டேன். நாளை காலை வேலு ஒப்புக்கொள்வதற்கு முன் இது அரசுத் தரப்பு வழக்கறிஞர் கையில் சேர வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அனுப்புவதாக அதிகாரி சொன்னார். ஆனால் இதுவரை நான் "என் மகள்" என்று மட்டுமே சொல்லியிருப்பதையும், பெயரை ஓரிடத்திலும் சொல்லாததையும் அவர் சுட்டிக்காட்டினார். பெயர் இல்லாமல் இந்தப் பகுதிக்கு மதிப்பில்லை என்றும், இந்தப் பகுதி இல்லாமல் வேலுவின் வாக்குமூலத்தைத் தள்ள முடியாது என்றும் விளக்கினார். வேண்டுமானால் சிறிது நேரம் வெளியே போய் யோசித்துவிட்டு வரலாம் என்றார். திருமதி சந்திரிகா தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். நான் வெளியே போகவில்லை.

அவள் பெயர் ஹேமா த/பெ விஸ்வநாதன்.

மேலே உள்ள அனைத்தும் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. பெட்டியின் நிறம் தவிர மற்றவற்றில் எனக்கு ஐயமில்லை. என்னை யாரும் மிரட்டவோ ஆசை காட்டவோ இல்லை. நடந்தது இதுவே என்று ஒப்புக்கொண்டு, என் கையால் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
மு. விஸ்வநாதன்

என் முன்னிலையில்: ரோஹானா, அதிகாரி
மொழிபெயர்த்தவர்: சந்திரிகா